உயிரியல் ஆர்வமும் வாழ்க்கைத் தொழிலும்

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பயிலும் மாணவ மாணவியரிடம் மேற்படிப்பைப் பற்றி வினவுங்கால், மருத்துவம் என்னும் ஒரே விடையைத்தான் நாம் பெரும்பாலும் பெறுகின்றோம். பெற்றோரின் விடையும் அதுவே. மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுவோர் சிலர், பெறாதோர் பலர். பெறாதவர்களுள் ஒரு சாரார் நீட் தேர்வை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். மற்றொரு சாரார் கலை அறிவியல் கல்லூரிகளின் விலங்கியல் இளநிலை வகுப்பில் வந்து சேர்கின்றனர். சேரும் முதல் நாளிலேயே தோல்வியுற்றவரின் முகம் அவர்களுக்கு அமைந்துவிடுகின்றது. பாடநூலைத் திறப்பதற்கு முன்பே, “இதைப் படித்து என்ன செய்வது?” என்னும் ஐயம் அவர்களைப் பற்றிக்கொள்கின்றது.

இவர்களிடையே வேறொரு வகையினரும் உளர். குளத்தங்கரையில் மீன்கொத்தியின் பாய்ச்சலை நெடுநேரம் பார்த்து நின்றவர், வீட்டு ஆட்டுக்குட்டி நோயுற்ற இரவில் உறங்காது அருகிருந்தவர், புற்றையும் கூட்டையும் கண்டால் நின்று ஆராய்பவர் எனப் பலரை நாம் வகுப்புகளில் காண்கின்றோம். உயிரினங்கள்பால் இவர்களுக்குள்ள நாட்டம் இயல்பாய் முளைத்தது. மருத்துவராகும் ஆசையோ பிறர் ஊட்டியது. அந்நாட்டம் எவ்வெவ்வழிகளில் சென்றால் கௌரவமான பிழைப்புக்கும் உதவும் என்பதை மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ‘விலங்குகளை எனக்குப் பிடிக்கும்’ என்னும் கூற்று பல பொருள்களைத் தன்னகத்தே கொண்டது. நோயுற்ற விலங்கைக் குணப்படுத்த விரும்புவோரும், விலங்கைத் தொடாமல் தொலைவில் நின்று அதன் நடத்தையை நோக்க விரும்புவோரும், வளர்த்துப் பெருக்கிப் பயன்கொள்ள விரும்புவோரும், உயிரணுவின் நுட்பத்தை ஆய்வுக்கூடத்தில் அறிய விரும்புவோரும் இதே வாசகத்தைத்தான் சொல்கின்றனர். ஆயினும் இவர்கள் செல்ல வேண்டிய இடங்கள் வேறு வேறு. அங்கு நுழைய வேண்டிய காலமும் வேறு வேறு. கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய தொழிற்படிப்புகளில் மேல்நிலைத் தேர்வு முடிந்த கையோடு சேர்ந்துவிட வேண்டும். விலங்கியலில் பட்டம் பெற்ற பின்னர்க் கால்நடை மருத்துவத்திற்கு எளிதில் மாறிக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வாறான குறுக்குவழி ஏதும் இல்லை. கானுயிர், வனப்பணி, பூச்சியியல், உயர் ஆய்வு, ஆசிரியப்பணி ஆகியவற்றுக்கோ விலங்கியல் பட்டமே வாயிலாகும்.

முன்னோர் ஈடுபாடு

இத்துறை நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் அத்தியாயங்களுள் பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகிய பெயர்களைத் தாங்கியவை உள்ளன. பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்து அதன் ஆறாம் அத்தியாயத்தில் வருகின்றது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மொழிகளால் அறிகின்றோம். நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என ஒரு தனிப்படலமே பாடியுள்ளார். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், ஏழு பாகங்களில் விலங்கு நூல் ஒன்றை யாத்தார். 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மார்க்க அறிஞர் அத்தமீரி, விலங்குகளை அகரவரிசைப்படுத்திக் கலைக்களஞ்சியம் போன்ற ஒரு நூலைத் தந்தார்.

தமிழ் மரபிலும் குறைவில்லை. உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கை கொண்டு பகுத்த தொல்காப்பியர், எவ்விலங்கின் இளமைக்கு எப்பெயர் உரியது என்று மரபியலில் வரையறுத்துள்ளார். குருளைக்கும் பறழுக்கும் கன்றுக்கும் வேறுபாடு தெரிந்த சமூகம் விலங்குகளை உற்று நோக்கிய சமூகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். தமிழிலக்கிய மாணவர்கள் இவ்வியலை இலக்கணமாக மட்டும் படித்துக் கடந்துவிடுவது நமக்குச் சிறிது வருத்தமே.

பட்டமின்றிப் பறவை நாடியவர்

பிற்காலத்தார் ஒருவரைச் சற்று விரிவாகவே கூறலாம். இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி அவர்கள் 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். மிக இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். பத்து வயதளவில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டொன்று காணப்பட்டது. வழக்கமான சிட்டாகத் தோன்றாமையால், இஃது உண்ண அனுமதிக்கப்பட்டதுதானா என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மார்க்க ஐயமாகத் தொடங்கிய அது, அறிவியல் வினாவாக மாறியது. தாய்மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். 1883இல் தொடங்கப்பெற்ற அக்கழகத்தின் அந்நாளைய மதிப்புறு செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயர், அப்பறவை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நில்லாமல், பதப்படுத்தப்பட்ட பறவைகள் அடுக்கிய பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒரு சிறுவனின் கேள்வியைப் பெரியவர் இருவர் மதித்தனர் என்பதைப் பெற்றோர் கருதிப் பார்த்தல் நலம்.

அதன்பின் அவருடைய பாதை மலர்ப்பாதையாக இருக்கவில்லை. குடும்ப வணிகத்தின் பொருட்டு பர்மாவுக்குச் சென்றார். மரமும் சுரங்கத்தாதும் விற்க வேண்டிய இடத்தில் பறவைகளின் பின்னே அலைந்தார். தாயகம் திரும்பி விலங்கியல் பயின்றாரெனினும் பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. அக்காரணத்தால் இந்திய விலங்கியல் அளவைத் துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். பின்னர் ஜெர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரேஸமன் என்னும் பேரறிஞரிடம் முறையாகப் பயிற்சி பெற்றார். திரும்பி வந்தபோது, பணமில்லை என்று கூறி அருங்காட்சியகப் பணியிடத்தையே எடுத்துவிட்டிருந்தனர்.

வேலையற்ற அந்நாள்களில், பம்பாய்க்கு அப்பால் கிகீம் என்னும் கடலோரச் சிற்றூரில் அவர் குடியமர்ந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. அவற்றை நாள்தோறும் நோக்கிக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி முடித்தபின் பெண் வந்து பார்வையிட்டு ஏற்பதையும், ஏற்றபின் ஆண் அடுத்த கூட்டைக் கட்டித் துணை தேடுவதையும் ஐயமற நிறுவினார். அவ்வாய்வே அறிஞருலகில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது. ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய அரசுகளின் பகுதிகளில் அவர் பறவைக் கணிப்புகளை மேற்கொண்டார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளில் ஆக்கிய கையேடு இன்றளவும் மூலநூலாக விளங்குகின்றது. பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். 1987இல் மறைந்தார்.

பட்டமின்றியே அவர் இவ்வளவும் செய்தார் என்று கூறி, பட்டம் வேண்டா என்று மாணவர் முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் காலத்திலேயே பட்டமின்மை கதவடைத்தது. இன்று முனைவர் பட்டம் இல்லாமல் ஆய்வுத் துறையில் நிலையான பணி பெறுதல் அரிது. சாலிம் அலியிடம் கொள்ளத்தக்கது அவருடைய குறிப்பேடு. கண்டதை அன்றே, நாளும் நேரமும் இட்டு எழுதும் பழக்கத்தை எந்த ஊரிலிருந்தும் எந்த மாணவரும் செலவின்றித் தொடங்கலாம்.

கால்நடை மருத்துவம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிய செய்தி ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து காயல் முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கின. பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பெற்ற அவற்றுள் ஆண்டிறுதியில் நூறு கூட எஞ்சுவதில்லையாம். பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை. குதிரைக்கு மருத்துவம் பார்ப்பவரை இங்கு வரவிடாமல் வணிகர்களே தடுத்தனர் என்று அவர் குற்றம் சாட்டுகின்றார். குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! பயணியின் கூற்றில் மிகை இருக்கக்கூடும். எனினும் கால்நடை மருத்துவர் ஒருவர் இன்மையால் ஓர் அரசின் கருவூலமே கரையும் என்பதற்கு இது பொருத்தமான சான்றாகும். அரபு நாட்டார் அம்மருத்துவரைப் பைத்தார் என்று அழைத்தனர். 13ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் என்னும் பெயருக்கு, கால்நடை மருத்துவரின் மகன் என்பதே பொருள். அவ்வளவு மதிப்புடைய தொழிலை நம்மவர் ‘மாட்டு டாக்டர்’ என்று இளக்காரமாய்ச் சொல்வது தகாது.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பெற்றது. 1989இல் அதனை மையமாகக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. இன்று சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய ஏழு இடங்களில் கல்லூரிகள் உள்ளன. பி.வி.எஸ்சி. படிப்பு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். மாணவர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இப்பல்கலைக்கழகம் தன் மாநில இடங்களை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகின்றது. அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் கருதப்படுகின்றது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் இங்கும் பொருந்தும்.

பட்டம் பெற்றவர் தேர்வாணையத்தின் வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம். பால் கூட்டுறவு ஒன்றியங்கள், நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகள், தீவன ஆலைகள், தடுப்பூசி நிறுவனங்கள், இராணுவத்தின் கால்நடைப் பிரிவு, விலங்கியல் பூங்காக்கள் ஆகியவற்றிலும் இடமுண்டு. நகரங்களில் நாயும் பூனையும் வளர்ப்போர் பெருகியதால் தனி மருத்துவமனை வைத்திருப்போரும் நன்றாகவே வாழ்கின்றனர். ஆனால் கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய், அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றோடு போராடும் சிற்றூர் மருத்துவரின் பணியையே நாம் உயர்வாகக் கருதுகின்றோம். இரண்டு கறவை மாடுகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு மாட்டின் சாவு பாதி வாழ்க்கையின் அழிவாகும். ஒருகாலத்தில் ஊர் ஊராய் மந்தைகளை அழித்த வெக்கை நோய், உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மனிதர் முயற்சியால் ஒழிந்த நோய்களுள் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே. 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் போன்ற இடங்களில் பெயர் தெரியாமல் உழைத்தோர் பலரின் பங்கு அதில் உண்டு.

இராணிப்பேட்டை என்றவுடன் தோல் தொழில் நினைவுக்கு வருகின்றது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாய் இத்தொழிலில் உள்ளனர். பதனிட்ட தோலில் தெரியும் குறைகளுள் பல, ஆடு உயிரோடிருந்த காலத்தில் ஏற்பட்டவை. உண்ணிக் கடி, அம்மை வடு, முட்கீறல் யாவும் தோல் மெருகேறிய பின்னும் மறைவதில்லை. ஆகவே நல்ல தோலுக்கான முயற்சி ஆட்டுக்கொட்டிலிலேயே தொடங்குகின்றது. இறைச்சி வணிகமும் அத்தகையதே. அறுப்புக்கு முன்னும் பின்னும் விலங்கைச் சோதித்துச் சான்றளிப்பது கால்நடை மருத்துவரின் கடமைகளுள் ஒன்று. ஆட்டிறைச்சியோடும் தோலோடும் இவ்வளவு தொடர்புடைய சமுதாயத்தில் கால்நடை மருத்துவம் பயில்வோர் இன்னும் பலர் தோன்றுதல் வேண்டும். பெரியோர்கள் இதனைத் தொழில் நோக்கில் எண்ணிப் பார்த்தாலே போதும்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர்க்கும் இத்துறை பயன்படும். அபுதாபியில் இராசாளிப் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை 1999 முதல் இயங்குகின்றது. உலகின் முதல் படியாக்க ஒட்டகமான இன்ஜாஸ் 2009இல் துபாயில் பிறந்தது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவர் காஷ்மீரைச் சேர்ந்த கால்நடை அறிவியலார் நிசார் அகமது வானி ஆவார்.

கடலும் கரையும்

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை என நம் ஊர்கள் பலவும் கடலைப் பார்த்தவை. ஆயினும் கடலுயிரியலைப் பாடமாக எடுப்போர் நம்மிடையே மிகச் சிலர். பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் அமைந்துள்ளது. வெள்ளாற்றுக் கழிமுகமும் பிச்சாவரத்து அலையாத்திக் காடும் அதற்கு அண்மையில் உள்ள இயற்கை ஆய்வுக்கூடங்கள். விலங்கியல் பட்டதாரிகள் அங்கு முதுநிலை பயிலலாம்.

1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டதாயினும் மண்டபத்தில் அதன் பெரிய கிளை தொடர்ந்து பணியாற்றுகின்றது. கடல்விரால் என்னும் பெருமீனை அடைப்பில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையை அங்குள்ள அறிவியலார் 2010இல் வெற்றிகரமாக நிறைவேற்றினர். கூண்டுகளில் மீன் வளர்க்கும் தொழிலுக்கு அது வழி திறந்தது.

கடலட்டையின் கதை வேறுவகையில் கருதத்தக்கது. கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் கடலட்டையை அவித்து உலர்த்திக் கீழைநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தல் நெடுங்கால வணிகமாக இருந்தது. அளவின்றிப் பிடித்ததால் இனம் குன்றி, 2001இல் அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பல குடும்பங்களின் பிழைப்பு ஒரே ஆணையில் நின்றுபோயிற்று. தடை சரிதானா, கட்டுப்பாட்டோடு பிடிக்க இசையலாமா, குஞ்சு வளர்த்துக் கடலில் விட இயலுமா என்னும் வினாக்கள் இன்றும் எழுப்பப்படுகின்றன. இவற்றுக்கு ஆத்திரத்தால் விடை காண முடியாது. எத்தனை அட்டைகள் எந்த ஆழத்தில் உள்ளன, எவ்வயதில் இனம் பெருக்குகின்றன என்று எண்ணிச் சொல்பவர் தேவை. அவர் அக்கரையில் பிறந்தவராகவும் இருந்தால், மீனவர் மொழியும் அறிவியல் மொழியும் ஒருங்கே அவருக்குப் புரியும். கடற்பசுவுக்கென 2022இல் பாக் விரிகுடாவில் அமைக்கப்பெற்ற காப்பகத்துக்கும் இத்தகையோரே வேண்டும். அவ்விலங்கை நம் மீனவர் ஆவுளியா என்பர்.

மீன்வளத்தைத் தொழிற்படிப்பாகக் கற்க விரும்புவோர்க்கு, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012இல் அமைந்த மீன்வளப் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் கல்லூரிகளுள் மூத்தது 1977இல் நிறுவப்பட்ட தூத்துக்குடிக் கல்லூரி. பி.எஃப்.எஸ்சி. நான்காண்டுப் படிப்பு. மீன்துறை ஆய்வாளர் பணி, இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், கடலுணவுப் பதன ஆலை, ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு எனப் பட்டதாரிகள் செல்லும் இடங்கள் பல. சொந்தமாகப் பண்ணை வைப்போரும் உண்டு. இறால் பண்ணை ஒரே பருவத்தில் செல்வரையும் ஆக்கும், கடனாளியையும் ஆக்கும் என்பதை மட்டும் இங்குச் சொல்லி வைக்கின்றோம்.

காடு நோக்குவோர்

புலியையும் யானையையும் ஆராய வேண்டும் என்னும் கனவுடன் வருவோர் பலர். அவர்களிடம் நாம் உள்ளதைச் சொல்லிவிடுதல் நன்று. கானுயிர் ஆய்வில் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் திட்ட உதவியாளராகக் குறைந்த ஊதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் கழியும். அட்டைக்கடியும் வெயிலும் தனிமையும் உண்டு. திருமணப் பேச்சு வரும் வீட்டில், ‘மாப்பிள்ளை காட்டில் யானைச் சாணம் எண்ணுகிறார்’ என்று சொல்ல வேண்டிய சங்கடமும் உண்டு! இவற்றைத் தாங்கியவரே நிலைக்கின்றனர். நிலைத்தவர் பலர் உலகறிந்த அறிஞராகவும் ஆகின்றனர்.

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் கானுயிர் உயிரியலைப் பாடமாகக் கற்பித்து வருபவை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கானுயிர் அறிவியலுக்குத் தனித்துறையே உள்ளது. டேராடூனில் 1982இல் தோன்றிய இந்தியக் கானுயிர் நிறுவனம் தலையாயது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் சாலிம் அலியின் பெயரால் நிறுவப்பட்ட பறவையியல் மையம், 2023 முதல் அந்நிறுவனத்தின் தென்னிந்திய மையமாக விளங்குகின்றது.

அரசுப் பணியை நாடுவோர் இந்திய வனப்பணித் தேர்வை எழுதலாம். இதன் முதனிலைத் தேர்வு குடிமைப் பணித் தேர்வோடு ஒன்றாகவே நடைபெறுகின்றது. விலங்கியல் பட்டம் தகுதியாக ஏற்கப்படும். நான்கு மணி நேரத்தில் ஆடவர் 25 கிலோமீட்டரும் மகளிர் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும் என்பது இத்தேர்வின் தனிச்சிறப்பு. பேனாவோடு காலும் தேர்வெழுதுகின்றது எனலாம். மாநில அளவில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வனத்தொழில் பழகுநர் தேர்வு நடத்துகின்றது. அதில் தேறிப் பயிற்சி முடித்தோர் வனச்சரகர் ஆவர்.

பிற துறைகள்

எஞ்சியவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடுவோம். பூச்சிகளை நாடுவோர், 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் பட்டம் பெறலாம். டெங்குவும் மலேரியாவும் உள்ளவரை கொசு அறிந்தவருக்கு வேலையுண்டு. பட்டுப்புழு வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் சிறுமுதலில் தொடங்கத்தக்கவை. மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பையே முழுத்தொழிலாகக் கொண்டோர் பலர். ஆய்வுக்கூடத்தை விரும்புவோர்க்கு நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், மரபியல் ஆகியன உள்ளன. களவாகக் கொல்லப்பட்ட விலங்கின் ஒரு துண்டு இறைச்சியிலிருந்து அஃது எவ்வினம் என்று மரபணுவால் கண்டறிந்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் பணியும் இன்று வளர்ந்துள்ளது. ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் இதில் முன்னோடி. ஆசிரியப்பணியை நாம் எல்லாரும் அறிவோம்.

எழுத்தாற்றல் உடையோரையும் மறவாமை வேண்டும். மா. கிருஷ்ணன் அவர்கள் கல்கத்தா நாளேடொன்றில் இயற்கை பற்றிய பத்தியை 1950இல் தொடங்கி 1996இல் மறையும் வரை எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். தமிழும் விலங்கியலும் ஒருசேரக் கற்றவர்க்கு மொழிபெயர்ப்பு, பாடநூலாக்கம், கலைச்சொல்லாக்கம், அறிவியல் இதழியல் எனச் செய்வதற்கு நிறையவே உள்ளன.

வேறு தொழிலில் இருந்துகொண்டே இவ்வார்வத்தைப் பேணுவதும் ஒரு வழிதான். வணிகராக வாழ்ந்த பம்பாய் ஹுமாயூன் அப்துல் அலி, இந்தியப் பறவையியலில் மதிக்கத்தக்க ஆய்வுகளைச் செய்தார். தவளைகள் பூச்சிகளைத் தின்று வேளாண்மையைக் காப்பதை எடுத்துக்காட்டித் தவளைக்கால் ஏற்றுமதிக்கு எதிராக அவர் வாதிட்டார். 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது.

மாணவியர்

பெண்களுக்கு இத்துறை ஒவ்வாது என்னும் கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. பீகாரில் 1923இல் பிறந்த ஜமால் ஆரா என்னும் அம்மையார், பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக் கல்வி பெறாதவர். சோட்டா நாகபுரிக் காடுகளில் பறவைகளை நோக்கி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கட்டுரைகள் எழுதினார். சிறுவர்க்காக அவர் எழுதிய பறவை நூலை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராய்ச் சேர்ந்த மாணவி ஜெ. விஜயா, பல்லாண்டுகளாக யாரும் காணாதிருந்த பிரம்பு ஆமையை 1982இல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டறிந்தார். அவ்வாமையின் பேரினத்துக்கு 2006இல் அவர் பெயரையே விஜயாசெலிஸ் எனச் சூட்டினர். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இன்று மாணவியர் திரளாகப் பயில்கின்றனர். வெளியூர் தங்கல் குறித்துப் பெற்றோர் தயங்குமிடத்து, ஆய்வுக்கூடம் சார்ந்த நோய்க்குறியியல், மீன் பதனத் தொழில்நுட்பம், பொதுச் சுகாதாரப் பூச்சியியல் ஆகியவற்றை முதற்படியாகக் கருதலாம்.

சமுதாயப் பெரியோர்களிடமும் அறக்கட்டளைகளை நடத்துவோரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. கல்வி உதவிக்கான அறிவிப்புகளில் மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு பெயர்களே பெரும்பாலும் காணப்படுகின்றன. கால்நடை மருத்துவம், மீன்வளம், கடலுயிரியல், கானுயிர் அறிவியல் ஆகியவற்றையும் அவ்வறிவிப்பில் சேர்த்தால், விண்ணப்பப் படிவத்தைப் படிக்கும் மாணவர்க்கு இப்படிப்புகள் உண்டு என்னும் செய்தியாவது தெரியவரும்.

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தை ஒட்டியே கால்நடை, மீன்வளப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களைக் கோருகின்றன. மருத்துவக் கலந்தாய்வின் முடிவைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம் என்றிருப்போர் இறுதி நாளைத் தவறவிடுகின்றனர். இவற்றுக்கு விண்ணப்பமும் தனி, தரவரிசைப் பட்டியலும் தனி, கலந்தாய்வும் தனி. சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் தேர்வெழுதும் மாதத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.